சென்னைக்கு ஒரு ரியல் எஸ்டேட் ஆய்வு மையம்: எந்த அமைப்பைத் தேர்வது?

சென்னையில் ஒரு குடும்பம் தன் வாழ்நாளில் செய்யும் மிகப் பெரிய செலவு பெரும்பாலும் வீட்டுக்கோ மனைக்கோ ஆனதாகவே இருக்கிறது. அந்தச் செலவைச் செய்வதற்கு முன், வேளச்சேரியிலோ அம்பத்தூரிலோ ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பின் நியாயமான விலை என்ன என்று விசாரித்தால், தரகர் ஒரு தொகையைச் சொல்கிறார், வங்கியின் மதிப்பீட்டாளர் வேறொரு தொகையை எழுதித் தருகிறார், பத்திரப் பதிவுக்காக அரசு தெருவாரியாக நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு மூன்றாவதாக ஒன்றைக் காட்டுகிறது. விற்பனையில் எந்த ஆதாயமும் இல்லாத, தன் கணக்கை எல்லாருக்கும் திறந்து வைக்கிற நான்காவது குரல் ஒன்று இந்நகரத்துக்குத் தேவை என்றும், அது ஒரு பல்கலைக்கழகத்திலிருந்துதான் வர முடியும் என்றும் நான் உறுதியாகக் கருதுகிறேன். அப்படியொரு ரியல் எஸ்டேட் ஆய்வு மையத்தைத் தொடங்க நினைக்கும் பல்கலைக்கழகமும், அதற்குத் துணை நிற்க வேண்டிய வீட்டுவசதித் துறையும் பதிவுத் துறையும் முதலில் தீர்க்க வேண்டியது, மையத்தை எந்த அமைப்பில் நிறுவுவது என்ற கேள்வியை. வெளிநாடுகளில் நிலைபெற்ற இரண்டு மாதிரிகளையும், நமக்குப் பழக்கமான மூன்றாவது வழி ஒன்றையும் சென்னையின் நடைமுறையோடு வைத்து இங்கே ஒப்பிடுகிறேன்.

முதல் மாதிரி, சட்டத்தால் பிறந்து தொழிலின் உரிமக் கட்டணத்தால் வாழும் மையம். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் இயங்கும் டெக்சாஸ் ரியல் எஸ்டேட் ஆய்வு மையத்தை அம்மாநிலச் சட்டமன்றம் 1971இல் உருவாக்கியது. தரகர்களும் விற்பனை முகவர்களும் உரிமத்துக்காகச் செலுத்தும் கட்டணமே அதன் முதன்மையான வருவாய். ஆளுநர் நியமிக்கும் ஆலோசனைக் குழுவில் தொழிலைச் சேர்ந்தவர்கள் ஆறு பேரும் பொதுமக்கள் சார்பில் மூன்று பேரும் இடம்பெறுகிறார்கள். வீட்டு விற்பனை எண்ணிக்கை, விலைப் போக்கு, கட்டட அனுமதிகள், கிராமப்புற நிலத்தின் ஏக்கர் விலை ஆகியவற்றை அம்மையம் தொடர்ந்து வெளியிடுகிறது. வீடு வாங்க வருபவரும் சட்டமன்ற உறுப்பினரும் அதே பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். ஆயிரக்கணக்கானோர் சிறு சிறு தொகையாகச் செலுத்துவதால், எந்த ஒரு நிறுவனமும் பணத்தை நிறுத்திவிடுவதாகச் சொல்லி ஆய்வாளரை மிரட்ட முடியாது என்பது இந்த மாதிரியின் பெரிய பலம்.

ஆனால் இம்மாதிரியைப் புகழும்போது பலரும் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. டெக்சாஸில் சொத்தின் விற்பனை விலையை அரசுப் பதிவில் தெரிவிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே அந்த மையத்துக்குப் பணத்தைச் சட்டம் தந்தாலும், விலைத் தரவுக்கு அது தரகர் சங்கங்களின் விற்பனைப் பட்டியல்களையே பெரிதும் நம்பியிருக்கிறது. சென்னையின் நிலை இதற்கு நேர் எதிரானது. இங்கே ஒவ்வொரு கிரயப் பத்திரமும் ஒரு தொகையோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகிறது. தரவு சட்டப்படி அரசிடம் இருக்கிறது, அதை ஆராய்வதற்கான பணம்தான் எங்கும் ஒதுக்கப்படவில்லை. டெக்சாஸிடமிருந்து நாம் கற்க வேண்டியது பணம் திரட்டும் வழியைத்தான். தரவு திரட்டும் வழியை நாமே கண்டாக வேண்டும்.

இரண்டாவது மாதிரி, தொழில் நிறுவனங்களின் கொடையாலும் உறுப்பினர் கட்டணத்தாலும் நடக்கும் மையம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1983இல் தொடங்கிய ரியல் எஸ்டேட் மையம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது முதுநிலைப் படிப்பை நடத்துகிறது, நிறுவனங்களை உறுப்பினராகச் சேர்க்கிறது, ஆய்வும் செய்கிறது. பெரு முதலீட்டு நிதியங்களின் கூட்டமைப்பு ஒன்று திரட்டி வைத்திருந்த சொத்து விற்பனை விவரங்களைக் கொண்டு, மதிப்பீட்டாளரின் கணிப்பை நம்பாமல் உண்மையான விற்பனைகளிலிருந்தே வணிகக் கட்டடங்களின் விலைக் குறியீட்டெண் ஒன்றை அம்மையம் 2006இல் வெளியிட்டது. தொழில்துறை தன் கையிலிருக்கும் நேர்மையான தரவைப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தால் எவ்வளவு நல்ல பணி நடக்கும் என்பதற்கு அது சான்று. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வீட்டுவசதி ஆய்வுகளுக்கான கூட்டு மையமும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 1959இல் தோன்றிய அம்மையம், நாட்டின் வீட்டுவசதி நிலைபற்றி 1988 முதல் ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகிறது. வாடகை தாங்க முடியாதவர்களைப் பற்றி அதன் பக்கங்களில் தயக்கமில்லாமல் எழுதப்பட்டிருக்கும்.

நம் நாட்டில் இந்த வழியின் ஒரு வடிவத்தை அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகம் முயன்றிருக்கிறது. விளைநிலங்களைப் பட்டியலிடும் ஒரு தனியார் நிறுவனத்தின் தரவைக் கொண்டு 2022இல் அது வேளாண் நில விலைக் குறியீட்டெண் ஒன்றைக் கொண்டுவந்தது. அரிய முயற்சி, விளைநிலத்துக்கு அதுவரை அப்படியொன்று இல்லை. இருந்தாலும் பட்டியலில் இருப்பது விற்பவர் கேட்கும் விலை, கைமாறிய விலை அன்று. சந்தை மந்தமாகும்போது கேட்கும் விலை உடனே இறங்குவதில்லை. மனை விற்காமலே மாதக்கணக்கில் கிடக்கும், பட்டியலில் பழைய விலையே நிற்கும். சென்னையில் இம்மாதிரியைப் பின்பற்றினால் இந்தக் குறை அப்படியே வந்து சேரும்.

மூன்றாவது வழி நமக்கு மிகவும் பழக்கமானது: பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே உள்ள ஒரு துறைக்குள் மையம் என்ற பெயரில் ஒரு பிரிவைத் தொடங்கி, அரசுத் துறைகளும் நிதி நிறுவனங்களும் அவ்வப்போது தரும் திட்டங்களால் அதை நடத்துவது. இதற்குச் சட்டமும் வேண்டாம், கொடையாளரும் வேண்டாம். ஒரு பேராசிரியரின் ஆர்வம் போதும். அந்தப் பேராசிரியர் ஓய்வு பெறும்போதோ திட்டம் முடியும்போதோ மையமும் முடிந்துவிடும். விலைக் குறியீட்டெண் என்பது ஆண்டுக்கணக்கில் இடைவெளியின்றித் தொடர்ந்தால் மட்டுமே பயன் தருவது என்பதால், இந்த வழியை நிரந்தர ஏற்பாடாக நான் ஏற்கவில்லை. தொடக்க காலத் தங்குமிடமாக அது உதவும், அவ்வளவே.

இம்மூன்றில் எது என்பதைப் பணத்தை வைத்துத் தீர்மானிப்பதுதான் வழக்கம். சென்னையைப் பொறுத்தவரை அதைத் தீர்மானிக்க வேண்டியது பத்திரத் தரவு. ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்போது கிடைக்கும் எண்களை முதலில் பார்ப்போம். தேசிய வீட்டுவசதி வங்கி 2007 முதல் ரெசிடெக்ஸ் என்ற வீட்டு விலைக் குறியீட்டெண்ணை வெளியிடுகிறது. அதன் ஒரு பகுதி, கடன் தரும் நிறுவனங்கள் செய்யும் மதிப்பீடுகளிலிருந்து வருகிறது. ரிசர்வ் வங்கி, 2010-11ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டு, பதிவு அலுவலகங்களின் தரவிலிருந்து சென்னை உள்ளிட்ட 10 நகரங்களுக்கான குறியீட்டெண்ணை உருவாக்கியது. இரண்டும் மதிப்புள்ளவை. ஆனால் இரண்டும் சென்னையை ஒரே எண்ணாகச் சுருக்குகின்றன. மணலியும் மந்தைவெளியும் ஒரே வேகத்தில் ஏறி இறங்குவதில்லை. சென்னைப் பெருநகரப் பகுதியின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டு 2022இல் அறிவிக்கப்பட்ட பிறகு, ‘சென்னை விலை’ என்ற ஒற்றை எண்ணின் பொருள் இன்னும் மங்கிவிட்டது. ஆலோசனை நிறுவனங்களின் அரையாண்டு அறிக்கைகளோ பெரும்பாலும் பெரிய கட்டுமான நிறுவனங்களின் திட்டங்களையே எண்ணுகின்றன.

அப்படியானால் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்திடம் பதிவான திட்டங்களை எண்ணலாமே என்று கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்திலோ எட்டுக்கு மிகாத குடியிருப்புகளோடோ எழும் திட்டங்களுக்குப் பதிவிலிருந்து விலக்கு அளிக்கிறது. சென்னையில் ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 223 சதுர மீட்டர். இரண்டு கிரவுண்டு சேர்ந்தாலும் 446 சதுர மீட்டர்தான். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் நங்கநல்லூரிலும் பழைய தனி வீட்டை இடித்து, நில உரிமையாளரும் கட்டுநரும் ஜாயின்ட் வென்ச்சர் முறையில் நான்கோ ஆறோ எட்டோ குடியிருப்புகளாக எழுப்பும் கட்டடங்கள் பெரும்பாலும் இந்த அளவுக்குள் அடங்கிவிடுகின்றன. நகரின் உட்பகுதி முழுவதும் இப்படித்தான் மாறிக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்த மாற்றம் ரெரா தரவில் தெரியாது. அது தெரியும் ஒரே இடம் பதிவுத் துறை.

பதிவுத் துறையின் வில்லங்கச் சான்று ஓர் ஆய்வாளருக்கு எவ்வளவு பெரிய செல்வம் என்பது அதை உற்றுப் படித்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பதிவிலும் ஆவண எண், நாள், ஆவணத்தின் தன்மை, கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு, முந்தைய ஆவண எண், சொத்து விவரம் ஆகியவை வருகின்றன. முந்தைய ஆவண எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால், அதே சொத்து முன்பு எந்த ஆண்டில் எந்தத் தொகைக்குக் கைமாறியது என்பது கிடைக்கும். ஒரே வீட்டின் இரு விற்பனைகளை ஒப்பிட்டு விலைப் போக்கைக் கணக்கிடும் முறை 1963 முதல் பொருளியலாளர்களுக்குத் தெரிந்தது. கார்ல் கேஸும் ராபர்ட் ஷில்லரும் 1980களில் அதைச் செப்பம் செய்து அமெரிக்காவில் புகழ்பெறச் செய்தார்கள். அந்த முறைக்கு வேண்டிய சங்கிலி நம் வில்லங்கச் சான்றிலேயே கோக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் அந்தத் தரவை அப்படியே எடுத்துக் கூட்டிக் கழித்தால் தவறான விடைதான் வரும். பத்திரத்தில் எழுதப்படும் தொகை பல நேரங்களில் கைமாறிய தொகை அன்று, வழிகாட்டி மதிப்பை ஒட்டி எழுதப்பட்ட தொகை என்பது ஊரறிந்த செய்தி. 2017 ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு வழிகாட்டி மதிப்பை 33 விழுக்காடு குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாக உயர்த்தியது. 2023 ஏப்ரலில் குறைப்பு விலக்கிக்கொள்ளப்பட்டு, கட்டணம் 2 விழுக்காடாக இறங்கியது. சதுர அடி 6,000 ரூபாய் வழிகாட்டி மதிப்பு கொண்ட ஒரு தெருவை எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொண்டால், ஒரு கிரவுண்டு மனையின் மதிப்பு 1 கோடியே 44 லட்சத்திலிருந்து ஒரே நாளில் சுமார் 96 லட்சத்துக்கு இறங்கியிருக்கும். பத்திரத் தொகைகளை மட்டும் பார்ப்பவர், 2017இல் அந்தத் தெருவில் விலை சரிந்தது என்றும் 2023இல் பாய்ந்து ஏறியது என்றும் எழுதிவிடுவார். உண்மையில் நடந்தது அரசாணை மாற்றம்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சிக்கல் இன்னும் கூடுதல். நெடுங்காலமாகச் சென்னையில் கட்டுமான நிலையிலுள்ள குடியிருப்பை வாங்குபவர் பெயரில் நிலத்தின் பிரிபடாத பங்கு மட்டுமே கிரயப் பத்திரமாகப் பதிவாகி வந்தது. கட்டடத்துக்கான தொகை தனியே கட்டுமான ஒப்பந்தத்தில் இருந்தது. 2023 டிசம்பர் முதல் நிலத்தையும் கட்டடத்தையும் சேர்த்த கூட்டு மதிப்பு முறை வந்திருக்கிறது. எனவே அந்தத் தேதிக்கு முந்தைய பத்திரத்தையும் பிந்தைய பத்திரத்தையும் அப்படியே ஒப்பிட முடியாது. ஒப்பந்தத்தையும் தேடிக் கிரயப் பத்திரத்தோடு இணைக்க வேண்டும். தனி வீடு இடிக்கப்பட்டு ஆறு பங்குகளாகப் பிரிந்த இடத்தில் முந்தைய ஆவண எண்ணின் சங்கிலியும் வேறு சொத்துக்குப் போய்விடுகிறது. இவற்றையெல்லாம் இனம் பிரிக்கப் புள்ளியியல் தெரிந்தவர் மட்டும் போதாது, பத்திரம் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். ஓய்வுபெற்ற சார்பதிவாளர் ஒருவரையும் அனுபவமுள்ள ஆவண எழுத்தர் ஒருவரையும் மையம் பணியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். வெளிநாட்டு மாதிரிகள் எதிலும் இப்படியொரு பணியிடம் இருக்காது.

தரவைத் திருத்தும் வழிகளும் அதே பதிவேட்டுக்குள் கிடக்கின்றன. வீட்டுக் கடன் பெற்று வாங்குபவர், கிரயம் பதிவான அன்றோ அடுத்த சில நாள்களிலோ வங்கியிடம் பத்திரங்களை ஒப்படைத்ததற்கான ஆவணத்தையும் பதிவு செய்கிறார். அதில் கடன் தொகை இருக்கும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சம் வரையிலான கடன் சொத்து மதிப்பில் 90 விழுக்காட்டையும், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 விழுக்காட்டையும், அதைத் தாண்டினால் 75 விழுக்காட்டையும் மிஞ்சக் கூடாது. ஆக, 60 லட்சம் கடன் பதிவாகியிருந்தால், கிரயப் பத்திரத்தில் 50 லட்சம் என்று எழுதியிருந்தாலும், வங்கி அச்சொத்தை 75 லட்சத்துக்குக் குறையாமல் மதித்திருக்கிறது என்று பொருள். இப்படி ஆயிரக்கணக்கான இணைகளைச் சேர்த்தால், எந்தப் பகுதியில் பத்திரத் தொகை உண்மை விலைக்கு எவ்வளவு கீழே நிற்கிறது என்பதற்கு நம்பத் தகுந்த மதிப்பீடு கிடைக்கும். வழிகாட்டி மதிப்பைத் திருத்தும் அரசுக் குழுக்களுக்கே இது பெரிதும் பயன்படும். ஒரு தெருவில் வழிகாட்டி மதிப்பு சந்தையை மிஞ்சி நிற்கும்போது, நேர்மையாக வாங்குபவர் தேவையற்ற முத்திரைத் தீர்வை கட்டுகிறார். அடுத்த தெருவில் அது சந்தைக்கு வெகு கீழே நிற்கும்போது கறுப்புப் பணத்துக்கு இடம் கிடைக்கிறது.

இப்போது மூன்று மாதிரிகளுக்கும் திரும்புவோம். இந்தத் தரவு மொத்தமாக, பெயர்கள் நீக்கப்பட்டு, ஆய்வுக்குரிய வடிவில் ஒரு மையத்துக்குக் கிடைக்க வேண்டுமானால், பதிவுத் துறை அதை யாரிடம் கொடுக்கச் சம்மதிக்கும்? கட்டுமான நிறுவனங்களின் உறுப்பினர் கட்டணத்தில் நடக்கும் மையத்திடம் கொடுக்கக் கூடாது என்றே நான் சொல்வேன், அந்த மையத்தின் பேராசிரியர்கள் எவ்வளவு நேர்மையானவர்களாக இருந்தாலும். எந்தப் பகுதியில் யார் நிலம் சேர்க்கிறார்கள் என்பதைப் பத்திரத் தரவு முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். அது சில உறுப்பினர்களுக்கு மட்டும் முன்னதாகத் தெரிந்தாலே சந்தைக்குக் கேடு. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு துறை இன்னும் கவனமாகவே இருக்கும், இருக்கவும் வேண்டும். பல்கலைக்கழகத் துறை ஒன்றுக்குள் ஒட்டிய சிறு பிரிவிடமும் கொடுப்பது கடினம். தரவைக் காக்கும் பொறுப்பை ஏற்க அதற்கு நிலையான ஊழியர்கள் இருக்க மாட்டார்கள். சட்டத்தின் அடிப்படையில் பணம் பெற்று, சட்டத்தின் அடிப்படையில் பதில் சொல்லக் கடமைப்பட்ட மையம்தான் இந்தத் தரவைக் கேட்கும் தகுதியுடையது. அமெரிக்க மாதிரிகள் இரண்டில் டெக்சாஸ் வழியின் பக்கம் நான் சாய்வதற்குக் காரணம் இது.

தமிழ்நாட்டில் அதற்குப் பணம் எங்கிருந்து வரும்? தரகர்களின் பதிவுக் கட்டணத்தில் ஒரு பகுதியை நேரடியாக மையத்துக்கு ஒதுக்கச் சட்டத் திருத்தம் வேண்டும். ரெரா மத்தியச் சட்டம் என்பதால் அதற்கு மாறான மாநிலத் திருத்தம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல்வரை போக வேண்டியிருக்கும். ஆனால் அச்சட்டத்தின் 75ஆம் பிரிவு, ஆணையம் பெறும் கட்டணங்கள் சேரும் நிதியத்தை ஆணையத்தின் பணிகளுக்கான செலவுக்கும் சட்டத்தின் நோக்கங்களுக்காகவும் பயன்படுத்த இடம் தருகிறது. நுகர்வோர் நலன், நிலப் பதிவேடுகளை மின்னணு மயமாக்கல் போன்றவை குறித்து அரசுக்குப் பரிந்துரை செய்வது 32ஆம் பிரிவின்படி ஆணையத்தின் கடமை. ஆய்வு இல்லாமல் அப்பரிந்துரைகளை எப்படிச் செய்ய முடியும்? எனவே ஆணையம் ஒரு பல்கலைக்கழகத்தோடு பல ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டு, அந்நிதியத்திலிருந்து ஆய்வுக்குப் பணம் தருவதற்குப் புதிய சட்டம் தேவைப்படாது என்பது என் புரிதல். இதைச் சட்டத் துறை உறுதி செய்ய வேண்டும். இன்னொரு வழியும் உண்டு. கிரயப் பத்திரத்தின் மீது வசூலிக்கும் 2 விழுக்காடு கூடுதல் வரி உள்ளாட்சி அமைப்புகளுக்குப் போகிறது; பதிவின்போது வாங்கும் தொகையில் ஒரு பகுதியைக் குறிப்பிட்ட பொதுப் பணிக்கு ஒதுக்கும் பழக்கம் நமக்குப் புதியதன்று. பதிவுக் கட்டணத்தில் மிகச் சிறிய ஒரு துளியை இதே போல ஆய்வுக்கு ஒதுக்கலாம். இரண்டில் முதல் வழி விரைவானது, இரண்டாவது உறுதியானது.

அரசுப் பணத்தில் நடக்கும் மையம் அரசுக்குப் பிடிக்காததைச் சொல்லுமா என்ற கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. கட்டுநர் கொடுக்கும் பணத்துக்கு ஒரு கட்டு இருப்பது போல, துறை கொடுக்கும் பணத்துக்கும் கட்டு உண்டு. 2015 வெள்ளத்துக்குப் பிறகு முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் விலை எந்த அளவு பாதிக்கப்பட்டது, எத்தனை ஆண்டில் மீண்டது, 2022இல் ராம்சார் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் கொண்ட ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய மனைகளை வாங்குபவர்களுக்கு வெள்ள அபாயம் விலையில் தெரிகிறதா என்பவை இந்நகரம் மிக அவசரமாக அறிய வேண்டிய கேள்விகள். விடை எப்படி வந்தாலும் அது யாரையாவது சங்கடப்படுத்தும்: கட்டுமான அனுமதி தந்தவரை, மனை விற்றவரை, கடன் தந்தவரை. கட்டுமான நிறுவனங்களை உறுப்பினராகக் கொண்ட மையம் இக்கேள்வியை எடுக்கவே தயங்கும். அரசு மையம் எடுத்துவிட்டு அறிக்கையை அலமாரியில் வைத்துவிடக்கூடும். 2014 ஜூன் மாதம் மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டதை அறிந்த ஊர் இது. அலமாரியில் வைக்கப்படும் அறிக்கை இங்கே யாருக்கும் உதவாது.

ஆகவே ஆலோசனைக் குழுவில் டெக்சாஸின் விகிதத்தை நாம் அப்படியே எடுக்கக் கூடாது. ஆறுக்கு மூன்று என்பதைத் திருப்பிப் போட்டு, பெரும்பான்மையைப் பொதுமக்கள் பக்கம் தர வேண்டும்: குடியிருப்போர் நலச் சங்கங்கள், வாடகைக்கு இருப்போர், நகரமைப்பு அறிஞர்கள், வங்கித் துறையில் மதிப்பீடு பார்த்தவர்கள். கட்டுநர் சங்கங்களுக்கும் முகவர்களுக்கும் இடம் உண்டு; அவர்களின் களஅறிவு இல்லாமல் மையம் தடுமாறும். ஆனால் எதை ஆராய்வது, எப்போது வெளியிடுவது என்பது அவர்கள் கையிலோ துறைச் செயலர் கையிலோ இருக்கக் கூடாது.

தொழில்துறைப் பணத்தை அடியோடு மறுக்க வேண்டுமா? வேண்டாம். படிப்புக்கும் மாணவர் உதவித்தொகைக்கும் கட்டுமானத் தொழில்நுட்ப ஆய்வுக்கும் அதை வாங்கலாம். விலைக் குறியீட்டெண்ணையும் வாடகைக் கணக்கையும் செய்யும் பிரிவுக்கு மட்டும் அதில் ஒரு ரூபாயும் போகக் கூடாது. முதுநிலைப் படிப்பு தொடங்குவது பற்றி இங்கே நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. கட்டண வருவாய்க்காகப் படிப்பை முதலில் தொடங்கிய மையங்களில் ஆய்வு பின்னுக்குப் போய்விடும் என்பதால், முதல் சில ஆண்டுகளுக்கு அதை ஒத்திவைப்பதே நல்லது.

எந்தப் பல்கலைக்கழகம் என்ற கேள்வி மீதமிருக்கிறது. 1957இல் தொடங்கிய கட்டடக்கலை, திட்டமிடல் பள்ளியைத் தன்னுள் வைத்திருக்கும் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நில வரைபடமும் நகரமைப்பு விதிகளும் கைவந்தவை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் அளவைத் (எக்கனாமெட்ரிக்ஸ்) துறை இருக்கிறது. அடையாறிலுள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் 1971 முதல் சமூகப் பொருளியல் ஆய்வில் மரபு கொண்டது. ஐஐடிக்குக் கணினி வலிமையும் நிதி திரட்டும் திறனும் உண்டு. ஆனால் அது மத்திய நிறுவனம் என்பதால் மாநிலப் பதிவுத் துறையோடு நீண்ட காலத் தரவு உறவு வைத்துக்கொள்வதில் கூடுதல் படிகள் இருக்கும். என் தேர்வு அண்ணா பல்கலைக்கழகத்தின் திட்டமிடல் துறை. குறியீட்டெண் கணக்கைச் செய்யப் பொருளியலாளர்களைச் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்தும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தும் முறையான ஒப்பந்தத்தின் மூலம் சேர்த்துக்கொள்ளலாம். துணைவேந்தர் பதவியே காலியாகக் கிடந்த காலங்களைச் சென்னைப் பல்கலைக்கழகங்கள் அண்மையில் கண்டிருப்பதால், மையத்தின் இயக்குநருக்குத் தன் வரவுசெலவுக்குள் முடிவெடுக்கும் அதிகாரத்தை விதியிலேயே எழுதிவிட வேண்டும். ஒவ்வொரு கையொப்பத்துக்கும் கோப்பு மேலே போய்க் காத்திருந்தால் காலாண்டுக் குறியீட்டெண் ஒருபோதும் காலாண்டில் வராது.

வாடகை பற்றி ஒரு சொல். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம், வாடகை ஒப்பந்தங்களை எழுத்தில் செய்து வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும் என்கிறது. எல்லாரும் பதிவதில்லை. பதிந்தவையாவது பகுதிவாரியாகத் தொகுக்கப்பட்டால், சோழிங்கநல்லூரில் வேலைக்கு வரும் இளைஞருக்கும் பெரம்பூரில் வாடகைக்கு இருக்கும் குடும்பத்துக்கும் பேரம் பேச ஓர் ஆதாரம் கிடைக்கும். மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் சுமார் 119 கிலோமீட்டர் பாதை திறக்கத் திறக்க, நிலையங்களை ஒட்டிய தெருக்களில் வாடகை எப்படி நகர்கிறது என்பதை இப்போதே அளக்கத் தொடங்கினால்தான் பின்னர் ஒப்பிட அடிப்படை இருக்கும். ரயில் ஓடத் தொடங்கிய பிறகு ‘முன்பு எவ்வளவு’ என்று கேட்டால் பதில் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். முதல் ஆண்டின் பணத்தில் பாதியை விலைக்கும் பாதியை வாடகைக்கும் பிரிக்க வேண்டும் என்பது என் விருப்பம். வழக்கமாக வாடகைக்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

முடிவெடுப்பவர்கள் வேலைகளின் வரிசையை மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டடமும் பெயர்ப்பலகையும் இயக்குநர் நியமனமும் வருவதற்கு முன்பே பதிவுத் துறையுடனான தரவு ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். எந்தெந்தப் புலங்கள், எத்தனை ஆண்டுகளுக்கு, எந்த வடிவில், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதும், வாங்குபவர் விற்பவர் பெயர்கள் துறையின் கணினியிலேயே நீக்கப்பட வேண்டும் என்பதும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். கணக்கிட்ட குறியீட்டெண்ணை எந்தத் துறையின் முன் அனுமதியும் இன்றிக் குறித்த தேதியில் மையம் வெளியிடும் என்ற ஒரு வரியும் அதே ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். அந்த வரியைத் துறை ஏற்க மறுத்தால், மேற்சொன்ன அமைப்புகளில் எதைத் தேர்ந்தாலும் பல்கலைக்கழகம் இந்தப் பொறுப்பை ஏற்காமல் காத்திருப்பதே சரி.